ஆடு திருடிய தகப்பன்

'வள்ளுவரும் கன்பூஷியஸும்' என்றொரு கட்டுரை தமிழில் ஓயாமல் எழுதப்பட்டு வருகிறது. எழுதுகிறவர் மாறுகிறார், கருத்தரங்கு மாறுகிறது, மலர் மாறுகிறது. கட்டுரை மட்டும் மாறுவதில்லை. இடது பக்கம் ஒரு குறள். வலது பக்கம் அதற்கு ஜோடியாக ஒரு சீன வாசகம். இருவரும் பெற்றோரைப் பேணச் சொன்னார்கள், கல்வியைப் போற்றினார்கள், நாவடக்கம் வேண்டும் என்றார்கள், அரசன் ஒழுங்காக இருந்தால் குடிகளும் ஒழுங்காக இருப்பார்கள் என்றார்கள். ஆகவே பெரியவர்கள் எங்கும் ஒரே மாதிரிச் சிந்திக்கிறார்கள். ஆகவே நாமும் பெரியவர்கள். கைதட்டல்.

இந்த ஒப்பீடு தவறு என்று நான் சொல்லவரவில்லை. அது யாரையும் எதற்கும் நிர்ப்பந்திக்கவில்லை என்பதே என் மனத்தாங்கல். பெற்றோரைப் பேணாதே என்று சொல்லும் நீதி நூல் எந்த பாஷையில் இருக்கிறது? எல்லோரும் தலையாட்டும் இடத்தில் ஒரு நீதிச் சிந்தனையின் பலம் தெரிய வருவதில்லை. இரண்டு நல்ல காரியங்கள் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நிற்கும்போது எதை விட்டுக்கொடுக்கச் சொல்கிறது என்பதில் தெரியும். கன்பூஷியஸிடம் அப்படியொரு இடம் இருக்கிறது. நான் படித்த ஒப்பீட்டுக் கட்டுரைகள் எதிலும் அது வரவில்லை. ஜோடி சேர்க்கக் குறள் அகப்படாதது காரணமாக இருக்கலாம். கொஞ்சம் கூச்சம் தருகிற இடம் என்பதும் காரணமாக இருக்கலாம்.

எனக்குச் சீனம் தெரியாது. 'லுன் யூ' என்ற அந்த உரையாடல் தொகுப்பை லெக், வேலி, லாவ் ஆகிய மூவரின் ஆங்கிலத்தில் மாற்றி மாற்றிப் படித்தவன். இருபது அத்தியாயங்களில் பதிமூன்றாவதில் வருகிறது நான் சொல்லும் இடம். கன்பூஷியஸ் (கி.மு. 551–479) லூ நாட்டுக்காரர். அரசர்களிடம் யோசனை சொல்லிப் பார்த்து, கேட்பாரில்லாமல் ஊர் ஊராக அலைந்தவர். தெற்கே சூ நாட்டுக்கு உட்பட்ட ஷெ என்ற பகுதியின் தலைவர் அவரிடம் ஒரு விஷயத்தைப் பெருமையாகச் சொல்கிறார். தங்கள் பக்கத்தில் நேர்மையே உருவான ஒருவன் இருக்கிறானாம். தகப்பன் ஓர் ஆட்டைத் திருடினான் என்று மகனே சாட்சி சொன்னானாம். கன்பூஷியஸ் அதை ஒப்புக்கொள்ளவில்லை. தங்கள் பக்கத்து நேர்மை வேறு மாதிரி என்கிறார். அங்கே மகனுக்காகத் தகப்பன் மறைப்பான், தகப்பனுக்காக மகன் மறைப்பான், நேர்மை அதனுள்ளே இருக்கிறது என்கிறார். அவ்வளவுதான். விளக்கம் இல்லை. தொகுப்பு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறது.

நான் இருப்பது பொதட்டூர்பேட்டையில். ஆந்திரம் இங்கிருந்து கூப்பிடு தூரம். 'எங்கள் பக்கம்' என்ற சொல்லுக்கு இந்த ஊரில் ஒரு விசேஷமான அழுத்தம் உண்டு. திருத்தணி வட்டாரம் சித்தூர் ஜில்லாவிலிருந்து 1960 ஏப்ரல் 1ஆம் தேதி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. கோடு ஒரே நாளில் நகர்ந்தது. தறியும் பாஷையும் சம்பந்தமும் கோட்டின் இரண்டு பக்கத்திலும் இருந்தபடியே இருந்தன. ஆகையால் ஒருவர் 'எங்கள் பக்கம் இப்படித்தான்' என்றால் அவர் ராஜ்யத்தைச் சொல்லவில்லை, வீட்டில் நடப்பதைச் சொல்கிறார் என்பது இங்கே குழந்தைக்கும் புரியும். ஷெ தலைவர் தன் பக்கம் என்று சொன்னது தன் அதிகாரம் செல்லுகிற எல்லையை. கன்பூஷியஸ் சொன்னது வீடுகளை. ஒரே சொல்லை இரண்டு பேரும் இரண்டு அர்த்தத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பேச்சு முழுவதும் இந்தப் புரியாமையில்தான் நடக்கிறது.

இரண்டு நுணுக்கங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, மூலத்தில் திருட்டுக்கு வரும் வினைச்சொல், தானாக வழிதவறி வந்த பிராணியைப் பிடித்து வைத்துக்கொள்வதைக் குறிக்கும் என்று பழைய உரைகாரர்கள் சொல்கிறார்கள். சுவரேறிக் குதித்த திருட்டு அல்ல; தொழுவுக்குள் நுழைந்த ஆட்டைத் திருப்பி ஓட்டாத திருட்டு. மற்றொன்று, மறைப்பதுதான் நேர்மை என்று கன்பூஷியஸ் சொல்லவில்லை. நேர்மை அதனுள்ளே இருக்கிறது என்கிறார். உள்ளே இருப்பது என்ன? தகப்பனைக் காட்டிக்கொடுக்க நாக்கு எழாமல் போகிறதே, அந்தத் தயக்கம். அது இல்லாத ஒருவன் பேசுகிற உண்மைக்கு வேர் கிடையாது என்பது அவருடைய எண்ணம் என்று எனக்குப் படுகிறது. உண்மை பேசுவதையே நாம் முதன்முதலில் ஒருவரோடு உள்ள உறவில்தான் கற்றுக்கொள்கிறோம். கற்ற இடத்தைத் தயங்காமல் வெட்டிவிட்டு வருகிறவனின் உண்மையை நாளைக்கு யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் உபயோகித்துக்கொள்ளலாம்.

நான் வங்கி குமாஸ்தா. சில வருஷங்களுக்கு முன் வேறொரு ஊர்க் கிளையில் நகைக் கடன் பைகளை மறு மதிப்பீட்டுக்காகப் பிரித்தபோது ஒரு ஜோடி வளையல் கில்ட் என்று தெரிந்தது. மேல்பூச்சு கனமாக இருந்ததால் முதல் தடவை உரைகல் ஏமாந்திருந்தது. கடன் ஒரு நெசவாளியின் மகன் பெயரில் இருந்தது. மகன் ஊரில் இல்லை. சேதி கேட்டுத் தகப்பனார் வந்தார். மானேஜர் அறையில் நின்றபடியே, "நான்தாங்க கொண்டாந்து வெச்சேன், அவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். மனுவில் மகன் கையெழுத்து. அதைச் சரிபார்த்தவன் நான். வளையலைக் கைக்குட்டையிலிருந்து அவிழ்த்து வைத்த கை எனக்கு ஞாபகம் இருந்தது. அந்தப் பெரியவரோ அதற்குமுன் கிளைக்குள் காலெடுத்து வைத்தவரே இல்லை. மானேஜர் ரூம் எது என்று வாசலில் பியூனைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தார். அவர் சொல்வது பொய் என்று அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் இந்த விவகாரத்தில் நாணயமான மனுஷர் யார் என்று யாராவது கேட்டிருந்தால் நாங்கள் எல்லோரும் அவரைத்தான் காட்டியிருப்போம்.

மானேஜர் என்னைப் பார்த்தார். நான் மனுவையும் லெட்ஜரையும் எடுத்துவந்து மேஜைமேல் வைத்தேன். அந்தப் பெரியவர் மறைத்தது சரி. நான் மறைத்திருந்தால்? நான் அந்தப் பையனுக்குத் தகப்பன் இல்லை. பேனா என் கையில் இருந்தது. இந்த வித்தியாசத்தை 'லுன் யூ' சொல்லவில்லை. ஆட்டுக்காரன் எங்கே போவான் என்ற கேள்வியையும் அது கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு வேறு இடத்தில்தான் பதில் தேட வேண்டும்.

நம்மிடம் நேர் எதிரான கதை ஒன்று இருக்கிறது. திருவாரூரில் மகனுடைய தேர்க்காலில் ஒரு கன்று அகப்பட்டுச் சாக, தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடிக்க, அதே போலத் தன் மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனின் கதை. சிலப்பதிகாரம் அதைத் தொட்டுக் காட்டுகிறது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் விரித்துச் சொல்கிறார். திருவாரூரில் கல்தேராக நிற்கிறது. சென்னை உயர்நீதிமன்றத்தில் சிலையாக நிற்கிறது. தமிழ் நீதி என்றால் இதுதான், ரத்த பாசத்துக்கு இடமில்லை என்று மேடைகளில் முழங்கப்படுகிறது. சீனன் தகப்பனை ஒளித்தான், தமிழன் மகனையே பலி கொடுத்தான் என்று அடுத்த ஒப்பீட்டுக் கட்டுரை கிளம்பினால் ஆச்சரியப்பட மாட்டேன்.

அந்தக் கட்டுரை எழுதப்படுமுன் சேக்கிழாரை ஒரு தடவை நிதானமாகப் படிப்பது நல்லது. அவர் கதைக்குள் ஓர் அமைச்சர் இருக்கிறார். இளவரசன்மேல் தேரை ஓட்டும்படி அரசன் முதலில் ஆணையிடுவது அவருக்குத்தான். அவர் அதைச் செய்ய மாட்டாமல் தன் உயிரை விட்டுவிடுகிறார். அதற்கப்புறம்தான் அரசன் தானே தேரை ஓட்டுகிறான். மேடைகளில் இந்த அமைச்சரை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. கதையின் முடிவில் சிவபெருமான் காட்சி தருகிறார். கன்று, மகன், அமைச்சர் மூவரும் பிழைத்தெழுகிறார்கள். இந்த அற்புதம் பக்திக்காக ஒட்டவைத்தது என்று நான் நினைக்கவில்லை. அந்த நீதியை அப்படியே விட்டுவிட்டால் தாங்க முடியாது என்று சேக்கிழாருக்குத் தெரிந்திருக்கிறது. கடவுள் வந்து ரத்து செய்தால்தான் சகிக்க முடிகிற தீர்ப்பு அது. கன்பூஷியஸின் பேச்சில் கடவுள் வருவதில்லை, வரவேண்டிய அவசியமும் நேரவில்லை.

அதைவிட முக்கியம், இரண்டு கதைகளும் எதிரெதிரே இல்லை. சோழன் செங்கோல் பிடித்தவன், தன் மகனைத் தண்டிக்கிறான். ஷெ நாட்டு மகனிடம் செங்கோல் இல்லை. செங்கோல் பிடித்தவனிடம் போய்த் தன் தகப்பனைச் சொல்லிக்கொடுக்கிறான். அதிகாரம் தன்னுடையவர்களிடம் கண்டிப்பாக இருப்பது ஒரு காரியம். அதிகாரமில்லாதவன் தன்னுடையவர்களை அதிகாரத்திடம் ஒப்படைப்பது இன்னொரு காரியம். முன்னதைப் பார்த்துச் சிலிர்த்துப் போகிறவர்கள் பின்னதையும் அதே கணக்கில் எழுதிவிடுகிறார்கள். நடைமுறையில் நாம் காண்பதோ தலைகீழ். கோல் பிடித்தவர்கள் பிள்ளைகளுக்காக மறைக்கிறார்கள், கோல் இல்லாதவர்களிடம்தான் சாட்சி கேட்கிறார்கள்.

கோல் பிடித்தவனே மகனாகவும் இருந்தால்? இந்தக் கேள்வியை கன்பூஷியஸுக்குப் பிந்திய மென்ஷியஸிடம் ஒருவர் கேட்கிறார். ஷுன் என்ற ஆதி காலத்து உத்தம அரசன். அவன் தகப்பன் கெட்டவன். அந்தத் தகப்பன் ஒரு கொலை செய்துவிட்டால் ஷுன் என்ன செய்வான்? மென்ஷியஸ் சொல்வதன் சாரம் இது: நீதிபதி தகப்பனைக் கைது செய்வார், ஷுன் அதைத் தடுக்க மாட்டான், தடுக்கும் அதிகாரம் அவனுக்கு இல்லை. ஆனால் ராஜ்யத்தைப் பிய்ந்த செருப்பைப் போலக் கழற்றி எறிந்துவிட்டு, தகப்பனை முதுகில் சுமந்துகொண்டு ஒருவருக்கும் தெரியாமல் ஓடி, கடற்கரையில் எங்கேயோ சந்தோஷமாகக் குடியிருப்பான். ராஜ்யத்தை மறந்தே போவான்.

எனக்கு இது கன்பூஷிய மரபின் மிகப் பெரிய கற்பனை என்று தோன்றுகிறது. சோழன் கோலை வைத்துக்கொண்டு மகனை விட்டான். ஷுன் தகப்பனை எடுத்துக்கொண்டு கோலை விடுகிறான். இரண்டையும் கையில் வைத்துக்கொள்ள இருவருக்கும் அனுமதி இல்லை. மறைக்கிற உரிமை அதிகாரம் இல்லாதவனுடையது. அதிகாரம் உள்ளவன் மறைக்க ஆசைப்பட்டால் முதலில் அதிகாரத்தை இறக்கி வைக்க வேண்டும். லியூ சிங்பிங் என்ற சீனப் பேராசிரியர் 2002இல், உறவுக்கு முதலிடம் தருகிற இந்தச் சிந்தனைதான் சீனத்து ஊழலின் வேர் என்று எழுதினார். குவோ சியோங் முதலானோர் மறுத்தார்கள், விவாதம் புத்தகங்களாக நீண்டது. லியூவின் கோபம் எனக்குப் புரிகிறது. ஷுன் தன் தம்பிக்குப் பட்டம் கொடுத்ததையும் மென்ஷியஸ் நியாயப்படுத்துகிறார். அது வேறு கதை, அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் ஊழல் செய்கிறவன் எவனும் செருப்பைக் கழற்றுவதில்லை. தகப்பனை முதுகில் சுமந்துகொண்டே சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்தக் கதையில் இடமில்லை.

ஆட்டுக் கதைக்குப் பின்னால் வந்த சரித்திரமும் இதையே சொல்கிறது. கி.மு. 233இல் இறந்த ஹான் ஃபெய் இந்தக் கதையைக் கையில் எடுத்துக்கொண்டு, தகப்பனுக்கு உகந்த மகன் அரசனுக்கு உதவாத குடி என்று வாதாடினான். சட்டம் ஒன்றே போதும் என்ற அவன் கட்சியைத்தான் சின் பேரரசு நடத்திப் பார்த்தது. பிறகு வந்தவர்கள் கன்பூஷியஸைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். 7ஆம் நூற்றாண்டின் தாங் சட்டம், ராஜத்துரோகம் போன்ற சில குற்றங்கள் நீங்கலாக, ஒரே குடும்பத்தார் ஒருவரையொருவர் மறைத்தால் தண்டனை இல்லை என்றது. அத்தோடு நிற்கவில்லை. பெற்றோர்மேல் புகார் கொடுக்கிற மகனுக்கு மரண தண்டனை என்றும் சொன்னது. தயக்கமாக இருந்தது சலுகையாகி, சலுகை கட்டாயமாகிவிட்டது. ஓர் உணர்வை அரசாங்கம் தத்தெடுத்துக்கொண்டால் அது என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

இன்னொரு கோடியும் உண்டு. கலாசாரப் புரட்சியின்போது, 1970இல், அன்ஹுய் மாகாணத்தில் ஜாங் ஹோங்பிங் என்ற பதினாறு வயதுப் பையன், வீட்டுக்குள் மாவோவைக் குறை சொல்லிப் பேசியதற்காகத் தன் தாயைக் காட்டிக்கொடுத்தான். சில வாரங்களில் அவளைச் சுட்டுக்கொன்றார்கள். அவன் செய்தது அன்றைக்கு ஷெ தலைவர் அகமகிழ்ந்திருக்கக்கூடிய நேர்மை. மூன்று வருஷம் கழித்து கன்பூஷியஸுக்கு எதிராகவே ஒரு தேசிய இயக்கம் நடந்தது. 2013இல், அறுபது வயதை எட்டிய மகன், ஊரறியத் தாயிடம் மன்னிப்புக் கேட்டான். அதற்கு ஒரு வருஷம் முன்னால்தான், 2012இல், திருத்தப்பட்ட சீனக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், குற்றம் சாட்டப்பட்டவரின் வாழ்க்கைத் துணை, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரைச் சாட்சி சொல்லக் கோர்ட்டுக்கு வலுக்கட்டாயமாகக் கொண்டுவரக் கூடாது என்று சொல்லியிருந்தது.

நம் சட்டம்? 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் கணவன் மனைவிக்குள் நடந்த பேச்சைக் காத்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்திருக்கும் புதிய சட்டமும் அதையே காக்கிறது. குற்றவாளி என்று தெரிந்து ஒருவனை ஒளித்துவைத்தால் தண்டனை; ஒளித்தது கணவனோ மனைவியோ என்றால் விலக்கு. தாய்க்கு அந்த விலக்கு கிடையாது. தாயைப் பற்றி இத்தனை பாட்டும் இத்தனை சினிமாவும் வைத்திருக்கிற ஜனங்களின் சட்டத்தில், மகனை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்த தாய் குற்றவாளி. இதைப் பற்றி நம் நீதி இலக்கியப் பேராசிரியர்கள் ஒரு வரி எழுதிப் பார்த்ததில்லை.

கன்பூஷியஸ் தமிழர்களின் வாழ்க்கைக்குள் அரசாங்க உத்தரவாகவே வந்த இடம் சிங்கப்பூர். 1980களின் மத்தியில் அங்கே பள்ளிகளில் மதக் கல்வியோடு கன்பூஷிய நீதியும் ஒரு பாடமாக வைக்கப்பட்டது. இந்துப் பாடமும் இருந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கட்டாயம் போய்விட்டது. 1991இல் அரசாங்கம் பொது மதிப்பீடுகள் என்று ஐந்தை வெளியிட்டது. சமூகத்துக்கு முன்னால் தேசம், தனிமனிதனுக்கு மேலே சமுதாயம் என்பது அதில் முதலாவது. குடும்பம் இரண்டாவதாக வருகிறது. ஆசிய மதிப்பீடு என்ற பேரில் இது உலகமெல்லாம் பேசப்பட்டது. அமர்த்தியா சென் போன்றவர்கள் மறுத்து எழுதினார்கள். வரிசையை மட்டும் பாருங்கள். இதில் பேசுவது கன்பூஷியஸா, ஷெ தலைவரா?

இவ்வளவு தூரம் வந்தபின் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. மறைத்த பிறகு வீட்டுக்குள் என்ன நடக்க வேண்டும்? ஆடு தொழுவில் நிற்கிறது. இதற்கும் 'லுன் யூ'விலேயே, நாலாவது அத்தியாயத்தில், விடை உண்டு. பெற்றோர் தவறு செய்தால் மென்மையாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்கிறார் கன்பூஷியஸ். கேட்கவில்லை என்றாலும் மரியாதை குறையக் கூடாது. பின்னால் எழுந்த 'சியாவ் ஜிங்' என்ற பெற்றோர்ப் பக்தி நூல் இன்னும் ஒரு படி போய், எதிர்த்துப் பேசுகிற மகன் இருந்தால்தான் தகப்பன் அநியாயத்தில் விழாமல் தப்புவான் என்கிறது. வெளியில் வாயைக் கட்டு, உள்ளே வாயைத் திற. இரண்டும் சேர்ந்துதான் ஒரு காரியம். வள்ளுவரைச் சேர்த்துப் பேச வேண்டும் என்றால் இங்கே பேசலாம். இடித்துச் சொல்லும் துணை இல்லாத அரசன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்று அவர் எச்சரித்தது இதே பயத்தினால்தான். ஜோடி சேர்ப்பவர்களுக்கு இந்த ஜோடி ஏன் கண்ணில் படவில்லை? உள்ளே இடித்துச் சொல்வது, கருத்தரங்கில் படிக்கிற விஷயமாக இல்லாமல் போய்விட்டது.

இனி நம் விஷயம். நாம் என்று நான் சொல்வது இந்தப் பத்திரிகையைப் படிக்கிற, அநேகமாக இதிலேயே எழுதவும் செய்கிற நூறு இருநூறு பேரை. நம்மிடையே விமர்சனம் இரண்டு விதமாக நடக்கிறது. புத்தக வெளியீட்டு மேடையில் எல்லோரும் எல்லோரையும் மறைக்கிறோம். மேடையிலிருந்து இறங்கி, கோபித்துக்கொண்டு பிரிந்தபின், எல்லாவற்றுக்கும் சாட்சி சொல்கிறோம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ஒரு சீன நூல் ஆட்டுக் கதையை வேறு விதமாக முடிக்கிறது. மகன் தகப்பனைக் காட்டிக்கொடுக்கிறான். தண்டிக்கும் நேரம் வந்ததும், தகப்பனுக்குப் பதில் தன்னைக் கொல்லும்படி கேட்கிறான். சத்தியவானாகவும் இருந்து பிதுர்பக்தனாகவும் இருக்கும் என்னையே கொன்றால் நாட்டில் யார் தப்புவார் என்று வாதாடி விடுதலையும் ஆகிறான். இதைக் கேட்ட கன்பூஷியஸ், ஒரே தகப்பனை வைத்து இரண்டு தடவை பெயர் வாங்கிவிட்டானே என்று வியந்தாராம். குருநாதரைக் கிழித்து ஒரு கட்டுரையும், அவர் செத்தபின் உருகி ஓர் அஞ்சலியும் எழுதியவர்கள் நம்மில் உண்டு. கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

நான் அப்படிக் கிழிக்கவில்லை. நான் செய்தது வேறு. எனக்குக் கவிதை படிக்கக் கற்றுக்கொடுத்த ஒரு மூத்தவர் இருந்தார். அவருடைய ஒரு தொகுதியில் ஒரு கவிதையின் நடுப்பகுதி, பி.ஏ. வகுப்பில் நான் படித்திருந்த ஒரு வேற்றுமொழிக் கவிதையிலிருந்து அப்படியே வந்திருந்தது. அது தானாக வந்து தொழுவில் நுழைந்த ஆடாகவும் இருக்கலாம். எப்போதோ படித்தது ஞாபகத்தில் ஊறித் தன்னுடையதாகவே ஆகியிருக்கலாம். எனக்குத் தெரிந்தது, வேறு யாருக்கும் தெரிந்த மாதிரி இல்லை. அந்தத் தொகுதியைப் பற்றிப் பத்துப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதினேன். அந்த ஒரு கவிதையை மட்டும் தொடாமல், மற்றவற்றைப் பற்றி நான் நம்பியதை எழுதினேன். ஒரு வரிகூட அதில் பொய் இல்லை.

வெகுகாலம் அதை விசுவாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கன்பூஷியஸைத் துணைக்கு அழைத்தும் பார்த்தேன். இப்போது அந்தத் துணை எனக்கு இல்லை என்று தெரிகிறது. ஆட்சி கிடைத்தால் முதல் வேலையாக என்ன செய்வீர்கள் என்று ஒரு சீடர் கேட்க, பெயர்களைச் சரிசெய்வேன் என்று அவர் சொன்னதும் அதே பதிமூன்றாவது அத்தியாயத்தில்தான் வருகிறது. நான் எழுதியதை 'நன்றி' என்று தலைப்பிட்டுப் போட்டிருந்தால் அது மகன் செய்கிற காரியம். அல்லது எழுதாமலே இருந்திருக்கலாம். பேனாவை மூடிவைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போயிருக்கலாம். நான் 'விமர்சனம்' என்று பெயர் போட்டேன். தராசைக் கையில் பிடித்துக்கொண்டே மறைத்தேன். நெசவாளியின் மகன் விஷயத்தில் லெட்ஜரை எடுத்து மேஜைமேல் வைத்தவன், என் தகப்பன் விஷயத்தில் லெட்ஜரில் ஒரு பக்கத்தை மட்டும் ஒட்டிவைத்தேன். இப்போதும் பெயரைச் சொல்லாமல் இதை எழுதுகிறேன் என்பதால் தப்பிவிட்டதாக நினைக்கவில்லை. ஒரே தகப்பனை வைத்து நானும் இரண்டாவது தடவையாகப் பெயர் வாங்குகிறேனா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மற்ற பாதி, உள்ளே சொல்ல வேண்டிய பாதி. அதற்கு ஒரு சந்தர்ப்பம் தானாகவே வந்தது. கட்டுரை அச்சாகி ஒரு மாதம் இருக்கும். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு, "எல்லாத்தையும் சொல்லியிருக்கே. அந்த ஒண்ணை மட்டும் ஏம்ப்பா விட்டுட்டே?" என்று கேட்டார்.

"பக்கம் போதலைங்க ஐயா" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் உள்ளே திரும்பி, இரண்டு காப்பி கொண்டுவரச் சொன்னார். பேச்சு வேறு எதற்கோ போய்விட்டது. அவர் இப்போது இல்லை.